மூர்த்தியர் சொல்லாத விலை

பழுகாமத்தில் வினாயகமூர்த்தி என்று கேட்டால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். கார் மூர்த்தியர் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். பட்டிருப்புப் பாலத்துக்கு மேற்கே, படுவான்கரையில், அவருடைய வாகனத்தில் ஒரு தடவையாவது ஏறாத குடும்பம் குறைவு. பிள்ளைப்பேறு, கலியாணம், பாம்புக்கடி, வெளிநாட்டுப் பயணம், எதுவென்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். ஓட்டுகிற திறமைக்காக அல்ல. உண்மையைச் சொன்னால், அவர் ஓட்டுகிற வேகத்துக்கு நாயும் குரைக்காது. அவருடைய வாய்க்காகத்தான் வந்தார்கள். ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரைக்கும் கதை. பாதிக்குமேல் பொய் என்பது கேட்பவர்களுக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனால் வயிற்றுக்குத்தோடு ஏறியவன்கூடக் களுவாஞ்சிகுடிச் சந்தி வருவதற்குள் ஒரு தடவை சிரித்துவிடுவான்.

இவ்வளவு பேசுகிற அந்த வாய் ஒன்றை மட்டும் சொல்லாது. ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, எவ்வளவு என்று கேட்டால் மூர்த்தியர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “பாத்துத் தாங்க” என்பார். கொடுத்ததை விரித்துப் பார்க்கமாட்டார். மடித்தது மடித்தபடி சட்டைப் பைக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் சாமிப் படத்துக்கு முன்னாலிருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் விழும். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் கொள்கை. தெரிந்துவிட்டால் அடுத்த முறை அந்த ஆளைக் காணும்போது முகம் தெரியாதாம், தந்த நோட்டுத்தான் தெரியுமாம்.

பிரச்சினைக் காலத்தில், சண்டை நடந்த நாட்களில், பிடித்த பழக்கம் அது. அப்போது உழவு மெசினின் பெட்டியில் காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியவர் அவர். இரத்தம் வடிய வடியக் கிடக்கிறவனிடம் என்ன விலை பேசுவது? காலம் மாறியது, மெசின் போய் வான் வண்டி வந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. ஊரும் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தது. புகழ்வதற்கு ஊருக்கென்ன செலவா? அவருக்கும் அது பிடித்திருந்தது. விலை சொல்கிற மற்ற ஓட்டுநர்களைக் காணும்போது கொஞ்சம் இளக்காரமாகவே பார்ப்பார்.

மனைவி கண்ணகைக்கு மட்டும் இது சரிவரவில்லை.

“சொன்னா வாய் வெந்தா போயிரும்?” என்று கேட்பாள். “கேக்கிற சனத்துக்கு ஒரு காசச் சொல்லுங்களன். அதுகளும் நிம்மதியா எண்ணித் தந்திட்டுப் போகும்.”

“காசு சொல்லி ஓடுறதெண்டா நான் பஸ்ஸில கொண்டக்டர் வேலைக்குப் போயிருப்பனே” என்பார் மூர்த்தியர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடம் மூர்த்தியரின் உடம்பையும் வானையும் ஒன்றாகவே உருக்குலைத்தது. மருமகன் ஜெயரூபன்தான் சொன்னான், கரண்டில் ஓடுகிற கார் ஒன்று பழையது வருகிறது, மாமா எடுத்தால் வரிசையே இல்லை என்று. வானை விற்று, கண்ணகையின் காப்பை அடகு வைத்து, வெள்ளை நிறக் குட்டிக் கார் ஒன்றை எடுத்தார். மூன்று கை மாறி வந்தது. பற்றரி பாதி உயிரோடுதான் இருந்தது. வீட்டில் இரவு கரண்டில் குத்திவிட்டால் காலையில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய்த் திரும்பலாம். ஏசி போட்டால் திரும்பி வருவதற்குள் சார்ஜ் காட்டுகிற முள்ளு விழுந்துவிடும்.

ஆனாலும் அவருக்கு அந்தக் காரின்மேல் கொள்ளை ஆசை. சத்தமே இல்லை, அதனால் கதை சொல்வதற்குக் கத்த வேண்டியதுமில்லை. ஏறுகிற எல்லோரிடமும் அதன் பெருமைதான். “செலவே இல்ல புள்ள. காத்தில ஓடுற மாதிரி” என்பார். ஏறியவர்களும் தலையாட்டுவார்கள்.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருத்தி சீதேவி. பக்கத்து ஒழுங்கையில் இருந்தாள், அவருக்குத் தங்கச்சி முறை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள் கஜானி கட்டுநாயக்காவில் தையல் ஆலையில் வேலை. சீதேவி விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்தாள். ஒருவரிடம் ஒன்று வாங்கினால் பத்துத் தடவை நினைத்துக்கொண்டிருக்கிற சுபாவம். கறிவேப்பிலை கேட்டு வாங்கினால் மறுநாள் கத்தரிக்காய் வந்துவிடும்.

சீனி வருத்தம் அவளுடைய வலது கண்ணில் இறங்கியிருந்தது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒரு தடவை, தவணை தவறக்கூடாது, தவறினால் பார்வைக்குப் பொறுப்பில்லை என்று டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளினிக்குக்கு வெள்ளெனப் போய் நம்பர் துண்டு எடுக்க வேண்டும். படுவான்கரையிலிருந்து போகிற முதல் பஸ்ஸை நம்பினால் துண்டு முடிந்துவிடும். அதனால் கஜானி போனில் மூர்த்தியரைப் பிடித்தாள். “மாமா, அம்மாவ நீங்கதான் கூட்டிப் போகணும். உங்கள நம்பித்தான் நான் இஞ்ச இரிக்கன்” என்றாள்.

“இதையெல்லாம் சொல்லணுமா மகள்?” என்றார் மூர்த்தியர். அவளுடைய குரலைக் கேட்டதில் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் ஊசி தையில் நடந்தது. ஒரு குறையுமில்லை. சீதேவிக்குப் பின்சீட்டில் இருந்தால் தலை சுற்றும். முன்னால் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். போகும்போதும் வரும்போதும் கதை. வீட்டு வாசல் படலையடியில் இறங்கி, மடித்த காசைக் கொடுத்தாள். அவர் பார்க்காமல் பைக்குள் போட்டு, “போய்ப் படு புள்ள, அடுப்பூதாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஊசி மாசியில். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. ஊசி போட்ட கண்ணில் தூசி படக்கூடாதென்று மூர்த்தியர் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பற்றரியின் முள்ளு பாதிக்கும் கீழே போய்விட்டது. இப்படியே போனால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

கல்லடியில் ஒரு சாப்பாட்டுக் கடை வளவுக்குள் சார்ஜ் போடுகிற பெட்டியொன்று புதிதாக நட்டிருந்தார்கள். யாரோ ஒரு கொழும்புக் கம்பெனி. மூர்த்தியர் அதுவரை வெளியில் எங்கும் குத்தியதில்லை. காரை உள்ளே விட்டு, சீதேவியை வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருத்தினார். வளவைப் பார்த்துக்கொள்கிற மர்சூக் என்ற காத்தான்குடி மனிதர் எழுந்து வந்தார்.

“இது எவ்வளவு வரும்?” என்று கேட்டார் மூர்த்தியர்.

“பலகையில யூனிட் விலை இரிக்கு அண்ணன்.”

“அது கண்டன். மொத்தமா எவ்வளவு?”

“அத மிசின்தான் சொல்லும்.”

“எப்ப சொல்லும்?”

“கழட்டினதுக்குப் பொறகு” என்றார் மர்சூக். அவரும் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

ஜெயரூபன் போனில் எதையோ இறக்கி, அதற்குள் முற்பணமும் போட்டு வைத்திருந்தது அன்றைக்குத்தான் உதவியது. மூர்த்தியர் பலகையிலிருந்த விலையை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். எண்ணூறு வரும், போனால் ஆயிரம். பரவாயில்லை என்று குத்தினார். பழைய பற்றரி கிழவன் கஞ்சி குடிக்கிற மாதிரி இழுத்து இழுத்துக் குடித்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் நிரம்பவில்லை. போதுமென்று கழற்றினார். போன் கிணுங்கியது. இரண்டாயிரத்து எழுநூறு ரூபா வெட்டுப்பட்டிருந்தது.

அவர் போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். மர்சூக்கிடம் நீட்டினார். மர்சூக் மற்றவர்கள் திட்டும்போது கேட்டதையெல்லாம் வைத்து ஒரு மாதிரி விளக்கினார். பலகையில் எழுதியிருப்பது இராத்திரி விலையாம், பகலுக்கு வேறயாம். அதற்குமேல் காரை நிறுத்தி வைத்த நிமிஷத்துக்கும் காசாம். புதுக் கார் கெதியில் குடித்துவிட்டுப் போய்விடும், பழைய கார் நிற்க நிற்க ஏறுமாம். அதற்கு மேல் கம்பெனியின் கூலி, அரசாங்கத்தின் வரி.

“இத முதல்லயே சொன்னா என்ன?” என்றார் மூர்த்தியர்.

“எனக்கிட்டக் கேட்டா நான் எங்க போற அண்ணன்? நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தான்.”

கம்பெனியின் நம்பருக்கு அடித்தார். ஒரு பெண் குரல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசி, கடைசியில் பாட்டுப் போட்டது. மூர்த்தியரின் முகம் கறுத்தது. காசு போனது ஒரு பக்கம். காலையிலிருந்து வாய் ஓயாமல் “செலவே இல்ல, செலவே இல்ல” என்று அவளிடம் அளந்துகொண்டு வந்தவர் அல்லவா, அந்த வெட்கம் இன்னொரு பக்கம். ஏமாந்துபோனேன் என்று தங்கச்சி முறைக்காரியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மரத்தடியில் இருந்த சீதேவி, கட்டுப்போடாத கண்ணால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் போனைப் பார்த்ததையும் கையை உதறியதையும் பார்த்தாள். அவர்கள் எட்ட நின்றதால் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை.

“ஏன் அண்ணன், என்னவும் பிரச்சினையா?”

“ஒண்டுமில்ல. ஏறு.”

அவ்வளவுதான் சொன்னார். காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், எல்லா ஊரும் ஒரு வார்த்தையில்லாமல் கடந்து போனது. கார் சத்தமில்லாத கார். கட்டுப்போட்ட கண் அவர் பக்கத்துக் கண். முகமும் தெரியாமல் குரலும் கேட்காமல் சீதேவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். மூர்த்தியரின் மண்டைக்குள் எண்ணூறும் இரண்டாயிரத்து எழுநூறும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவருக்கு நினைவில்லை.

படலையடியில் அவள் காசை நீட்டினாள். வழக்கம்போல அவர் பார்க்கவில்லை, வாங்கிப் பைக்குள் போட்டார். வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சீதேவி கார் மறையும் வரைக்கும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பங்குனியில் தவணை வந்தது. சீதேவியிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

நாலு நாளைக்கு முன்பே “அண்ணன், புதன்கிழமை” என்று ஆள் விடுகிறவள். மூர்த்தியர் அந்தப் புதன் காலைக்கு வேறு ஹயர் பிடிக்காமல் காத்திருந்தார். செவ்வாய் இரவு காரைக் குத்தியும் வைத்தார். காலையில் கண்ணகைதான் கேட்டாள், “சீதேவி வரல்லையா? போய்க் கேட்டுப் பாருங்களன்.”

“தேவையெண்டா வருவாள்தானே. நான் போய்ப் படலையில நிண்டா, ஹயருக்கு அலையிறன் எண்டு நினைப்பாள்.”

இந்த இடத்தில் மூர்த்தியரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காசு கேட்க வெட்கப்பட்டது ஒரு குணம் என்றே வைத்துக்கொள்வோம். போய் ஒரு வார்த்தை கேட்க என்ன வெட்கம்? ஆனால் மனிதர் அப்படித்தான். உள்ளுக்குள் குமுறிக்கொண்டு, வேறு யாருடைய ஆட்டோவையோ பிடித்துவிட்டாள் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டார். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அன்று ஒன்பது மணிபோல் களுவாஞ்சிகுடிக்கு ஒரு வேலையாகப் போனார். பஸ் நிற்கிற இடத்தில், நெரிசலுக்குள், குடையை ஊன்றிக்கொண்டு சீதேவி நின்றாள். ஒரு கையால் முந்தானையை எடுத்து வலது கண்ணைப் பொத்தியிருந்தாள். பஸ்ஸில் போகிறாளா? கார் வெறுமையாக இருந்தது. முள்ளு நிரம்பி நின்றது. நிறுத்தி, ஏறு புள்ள என்றால் முடிந்தது.

மூர்த்தியர் நிறுத்தவில்லை. கூப்பிடாத ஆளை வலிந்து ஏற்றுவானேன் என்று நினைத்துக்கொண்டு போனார். கார் சத்தமில்லாமல் அவளைக் கடந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில்தானே போகிறாள், போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது துண்டு கொடுத்து முடிந்திருந்தது. சித்திரை வருடப்பிறப்பு லீவு தாண்டி அடுத்த திகதி கிடைத்தது. இதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தச் சித்திரையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பாசிக்குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்தபோது மறுபடியும் அதே கல்லடிப் பெட்டியடியில் நிற்க வேண்டியதாயிற்று. இந்த முறை எவ்வளவு வெட்டும் என்று தெரியாமல், குத்தவும் முடியாமல் போகவும் முடியாமல் மூர்த்தியர் மர்சூக்கின்மேல் பாய்ந்தார்.

“மனிசன் விலை கேட்டா விலையச் சொல்லணும். எவ்வளவு போகுமெண்டு தெரியாமக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறது எவ்வளவு பயம் தெரியுமா? இது யாவாரமா, கொள்ளையா?”

மர்சூக் பொறுமையான மனிதர். மூர்த்தியருக்குத் தேத்தண்ணி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், “அண்ணன் பழுகாமத்துக்கும் டவுனுக்கும் எவ்வளவு எடுக்கிற?”

“நான் விலை சொல்றல்ல. பாத்துத் தாங்க எண்டு சொல்லிருவன்” என்றார் மூர்த்தியர், பழைய பெருமையோடு.

மர்சூக் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப உங்களுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு நான் உங்கட கார்ல ஏறினா எனக்கும் நெஞ்சு படபடக்குமே!”

மூர்த்தியருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, வேறு வழியில்லாமல் அதே பெட்டியில் குத்தி ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். மனிதத் தன்மையையும் இரும்புப் பெட்டியையும் ஒன்றாக்கிப் பேசுகிறானே என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் முணுமுணுத்தார். கண்ணகையிடம் சொல்லி அவளையும் கோபப்படுத்தப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தது. வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் சனம் அம்மனைக் காணும். கடைசி நாள் குளிர்த்தி பாடி, அம்மனைக் குளிர்வித்துக் கதவை மூடிவிடுவார்கள். படுவான்கரையிலிருந்து லொறி லொறியாகச் சனம் இறங்கும். மூர்த்தியரும் குடும்பத்தோடு போயிருந்தார். குளிர்த்தித் தண்ணீர் தெளித்து முடிந்து சனம் கலைகிற நேரம், முன்னால் சீதேவி நிற்பதைக் கண்டார். கையில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தாள்.

அம்மன் சந்நிதியில் என்ன வீம்பு என்று மனம் இளகி, நெரிசலை விலக்கிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் போய் நின்றார். கைக்கெட்டும் தூரம்.

“சீதேவி” என்றார், சத்தமில்லாமல். மேளத்தில் அது கேட்கவில்லை. அவள் திரும்பவில்லை. பக்கத்திலேயே நின்ற அவரை அவள் காணாதது போலவே நின்றாள். மூர்த்தியருக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரத்துக்கு என்ன செய்துவிட்டேன் என்று திரும்பப் போனவரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. கஜானி. லீவில் வந்திருந்தாள்.

“மாமா, இந்தப் பக்கம் வந்து கதைங்க. அம்மாக்கு அந்தக் கண் தெரியா.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தாயைத் தோளில் பிடித்து மெல்லத் திருப்பியபோதுதான் விளங்கியது. சீதேவி இடக்கண்ணால் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“மூர்த்தி அண்ணனா? எப்ப வந்தீங்க? மச்சாளும் வந்தவவா?”

கஜானிதான் சொன்னாள். பங்குனியில் துண்டு கிடைக்காமல் திரும்பியது, அடுத்த திகதிக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது, பிறகு போட்ட ஊசி பலிக்காதது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவர் கேட்கவில்லை.

“ஏன் புள்ள என்னக் கூப்பிடல்ல?” என்றார் கடைசியில். “நான் அந்தப் புதன்கிழமை காரக் குத்தி வச்சிட்டு இருந்தன்.”

சீதேவி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய பேச்சில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

“நான் தந்த காசு காணல்லையாக்கும் எண்டு நினைச்சன் அண்ணன். அண்டைக்கு உங்கட முகம் ஒரு மாதிரி இரிந்திச்சு. வழி முழுக்கக் கதைக்கயும் இல்ல. எவ்வளவு குடுத்தாச் சரியெண்டு எனக்குத் தெரியா. கேட்டாலும் நீங்க சொல்லமாட்டீங்க. அதுக்குமேல குடுக்க எனக்கிட்ட இல்ல. குறையக் குடுத்து உங்கட மனச நோகடிக்கிறதவிட பஸ்ஸில போறது நல்லமெண்டு நினைச்சன். மறுகா இப்பிடி ஆகுமெண்டு யாருக்குத் தெரியும்?”

மூர்த்தியர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். கோயில் மணலில் குந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கல்லடிப் பெட்டியைப் பற்றியும் வெட்டுப்பட்ட காசைப் பற்றியும் விக்கி விக்கிச் சொன்னார். “உன்னால இல்ல புள்ள. அந்த மிசினால. நான் உன்ர காசப் பாக்கவே இல்ல, இண்டைக்கும் தெரியா எனக்கு.” சனம் சுற்றி நின்று பார்த்தது. யாருக்கோ அருள் வந்துவிட்டது என்று நினைத்த ஒரு கிழவர் திருநீறு எடுத்து வந்தார். சீதேவி குனிந்து அவருடைய தோளைத் தடவி, “விடுங்க அண்ணன், என்ர விதி” என்றாள். கஜானி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மூர்த்தியர் விலை சொல்லப் பழகினார். ஐம்பத்தெட்டு வயதில் அது லேசான வேலையில்லை. ஜெயரூபனை இருத்தி வைத்து, வீட்டுக் கரண்டுக்கு எவ்வளவு, வெளியில் குத்தினால் எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, தன்னுடைய கூலி எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு ஒரு கணக்குக்கு வந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர மூவாயிரம். முதல் ஆளிடம் அதைச் சொன்னபோது அவருக்குக் காது சிவந்தது. கேட்டவர் ஒரு மூச்சு விட்டு, சரியென்று ஏறினார். அந்த மூச்சை மூர்த்தியர் கவனித்தார். இத்தனை வருடமாக எத்தனை பேர் அந்த மூச்சை அடக்கிக்கொண்டு தன் காரில் இருந்தார்களோ என்று நினைத்தபோது அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சீதேவியின் இடது கண்ணுக்கும் ஊசி தொடங்க வேண்டுமென்று ஆனியில் சொல்லிவிட்டார்கள். மூர்த்தியர் தானே போய்ப் படலையில் நின்று, நான்தான் கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தவணையன்று விடியுமுன்னே காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். சீதேவி வெளிக்கிட்டு வந்தாள். கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை.

“எவ்வளவு எண்டு சொல்லுங்க அண்ணன். சும்மா எண்டு சொன்னா நான் வரமாட்டன். சொன்னாத்தான் ஏறுவன்.”

சும்மா என்று சொல்லத்தான் அவருடைய நாக்குத் துடித்தது. ஆனால் கண்ணகை இரவே சொல்லியிருந்தாள், ஊருக்குச் சொல்கிறதைத்தான் அவளுக்கும் சொல்ல வேண்டும், பாவம் பார்க்கிறோம் என்று நினைத்தால் அவள் மறுபடி பஸ்ஸுக்குத்தான் போவாள் என்று.

“மூவாயிரம்” என்றார்.

சீதேவி அவரையே பார்த்தாள். “மெய்யா? எனக்காகக் குறைச்சுச் சொல்றீங்களா?”

“அம்மனாண இல்ல புள்ள. எல்லாருக்கும் அதுதான். அண்டைக்கு நீ கேட்டு, நான் வாயத் திறந்திருந்தா அண்டைக்கும் இதவிடக் கூடச் சொல்லியிருக்கமாட்டன்.”

அவள் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

“நான் அண்டைக்குத் தந்தது அஞ்சாயிரம், அண்ணன்.”

மூர்த்தியரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிஸ்கட் டின்னுக்குள் எந்த நோட்டு அது, எந்தச் சாமானுக்குக் கொடுத்தோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவள் ஏறி வழக்கமான முன்சீட்டில் இருந்தாள். அவர் சுற்றி வந்து, ஏறி, காரை எடுத்தார். ஒழுங்கை தாண்டியது. பட்டிருப்புப் பாலம் வந்தது. கீழே வாவி இன்னும் வெளுக்காமல் கிடந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

பாலத்தின் நடுவில் சீதேவி முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

“அண்ணன், நீங்க இருக்கிற பக்கம் எனக்குத் தெரியா. உங்கட முகம் எப்பிடி இரிக்கெண்டு பாக்க ஒண்ணா. கதைச்சிக்கொண்டு வாங்க. பேசாம இருந்தீங்கெண்டா நான் மறுகாவும் கோவமெண்டு நினைச்சிருவன்.”

மூர்த்தியர் ஓம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாவியில் முதலை தன்னுடைய செருப்பைக் கொண்டுபோன பழைய பொய்யை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.